நான்காவது கட்டம்

பாயான் லெப்பாஸ், மூன்றாம் கட்டடம், இரவு ஷிஃப்ட்.
தலைமையகம் பாரம் அனுப்பியிருக்கிறது.
பொருள், எண்ணிக்கை, கடைசியாகத் தொட்ட தேதி.
நான்காவது கட்டத்தில் மட்டும் கேள்வி:
இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

யாராவது.
அந்தச் சொல்மேல்தான் எனக்குக் கோபம்.

இழுப்பறையைத் திறந்தேன்.
ஒன்றை இழுத்தால் ஒன்பது வந்தன.

நீலத் தலை, பதினைந்து ஊசி: ஆறு.
ஒன்றில் ஓர் ஊசி மடங்கிக் கிடந்தது,
புருவம் எடுக்கும் இடுக்கியால் நிமிர்த்தினேன்.
கூட்ட அறைப் புரொஜெக்டருக்கு இதை விட்டால் கதியில்லை.
நீலத்தைச் சுமக்கும் ஊசி தொடாத நாட்களில்
திரையெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும்,
மேலாளர் அதிலேயே இலாபத்தை விளக்குவார்.

ஊதா முனை விசைப்பலகை: இரண்டு.
ஏழாம் எந்திரம் கண்விழிக்கும் முதல் பத்து நொடி
இதன் பேச்சை மட்டும்தான் கேட்கும்.

தடித்த பிரிண்டர் வடம்: ஒன்று.
அது இழுப்பறையில் இல்லை.
பேன்ட்ரி கதவு காற்றில் அடிக்காமல்
தண்ணீர்க் குழாயோடு கட்டியிருக்கிறது,
ஃபரிடா போட்ட முடிச்சு.
பயன்பாட்டில்தானே இருக்கிறது?
எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

மூன்றே காலுக்கு ஏழு நின்றது.
தட்டில் நானூறு சில்லுகள்,
பாதி சூட்டில், பாதி வெளியில்.
குணாளன் ஓடி வந்து பார்த்துவிட்டு
யாரையோ அழைக்க ஓடினான்.
மெய் ஃபோங் தன் மெல்லிய மடிக்கணினியைத் திறந்தாள்.
அதில் இரண்டே துளை, நகக்கண் அகலம்.
ஏழுக்கோ முதுகில் ஒன்பது ஊசி,
மேலே ஐந்து, கீழே நான்கு.

ஒரு மாற்றி, அதன் வாலில் இன்னொரு மாற்றி,
அதன் வாலில் வடம்.
கடைசியில் வடமும் ஆண், எந்திரமும் ஆண்.
ஊசியும் ஊசியும் முட்டிக்கொண்டு நின்றன.

ஜெலுத்தோங் கடைக்காரர் சியாங்கை எழுப்பினேன்.
தூக்கக் குரலில் அவர் கேட்டது ஒன்றே:
"ஆணா, பெண்ணா?"
பிள்ளை பிறந்த வீட்டில் விசாரிப்பதுபோல.
ஃபரிடா வாயைப் பொத்திக்கொண்டாள்.
"இரண்டு பக்கமும் பெண்" என்றேன்.
"போன வருசம் எட்டு வெள்ளிக்கு நீதானே வாங்கின,"
வைத்துவிட்டார்.

ஆமாம். திருகாணி போட்டுவைக்கும் மைலோ டின்னில்,
அடியில், துணி ஊசிகளுக்குக் கீழே இருந்தது.

இரு பக்கத் திருகையும் நகத்தால் முறுக்கினேன்.
நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு,
அதற்குமேல் வேகமாகப் பேசினால் ஏழுக்குப் புரியாது.
கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக
எந்திரம் தன் வலி எங்கே என்று சொன்னது:
வெப்ப உணரி, இரண்டாம் பாதை.
புது உணரி ஒன்றே கால் வெள்ளி.
சில்லுகளில் முப்பத்தொன்று போயிற்று.

விடியலில் பாரத்துக்குத் திரும்பினேன்.
ஒன்பது ஊசி வடம். எண்ணிக்கை: ஒன்று.
கடைசியாகத் தொட்ட தேதி: இன்று, 3.52.
யாராவது? என்ற இடத்தில்
என் பெயரை எழுதினேன்,
முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி:
யாழரசி த/பெ மாசிலாமணி.

பட்டியலில் ஒன்று மிச்சம்.
சாம்பல் நிறம், ஒரு முகம் வட்டம், ஒரு முகம் தட்டை.
எந்த எந்திரத்தின் முதுகிலும் பொருந்தவில்லை.
மெய் ஃபோங்குக்கும் தெரியவில்லை.
எண்ணிக்கை: ஒன்று. மற்றதெல்லாம் காலி.

திரும்ப வைத்து இழுப்பறையை மூடினேன்.
தட்டை முகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
பேருந்து வந்துவிட்டது.