இரண்டு குரல்

காக்கி புக்கிட், ஆறாம் மாடி, இரவு பதினொன்று நாற்பது.
பக்கத்து யூனிட் டயர்க்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போயாயிற்று.
திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் கேட்கிறது:
உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்,
சொன்னால் இன்னும் பொருத்தமாக உதவுவேன்.

இருபத்திரண்டு வருஷத்தில்
வங்கிகூட இத்தனை பணிவாய் விசாரித்ததில்லை.

சொன்னேன்.
கம்பெனி பெயர் அமுதன் வாட்டர்புரூஃபிங்.
அமுதன் நானில்லை. பெயரோடு சேர்த்து வாங்கினேன்,
மாற்றினால் லாரிக்குப் பெயின்ட் எண்ணூறு வெள்ளி.
நான் காத்தமுத்து. கடிதத்தின் அடியில் அதைப் போடு.
கழிவறைத் தரை, மொட்டைமாடி, ஜன்னல் விளிம்பு:
தண்ணீர் எங்கே நுழையக் கூடாதோ
அங்கே எங்கள் வேலை.
வீவக வீடுகள்தான் அதிகம்.
மேல்வீட்டின் தரை, கீழ்வீட்டின் கூரை,
இரண்டும் ஒரே கான்கிரீட்.
அதில் எத்தனை சண்டை ஊறிக் கிடக்கிறது என்று
உனக்குத் தெரியாது. யார் பக்கமும் சாயாமல் எழுது.
முன்பணம் நாற்பது சதவீதம்.
நீர் தேக்கிப் பார்க்காமல் டைல் ஒட்ட மாட்டோம்.
சீனப் புத்தாண்டு நெருங்கினால் எல்லாருக்கும் அவசரம்,
யாருக்கும் சட்டென்று சரி சொல்லிவிடாதே.
முக்கியமாக, 'இனி ஒழுகவே ஒழுகாது' என்று
எந்தக் காரணத்தாலும் எழுதாதே.
தண்ணீருக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.
வேலைக்குத்தான். ஐந்து வருஷம்.

பிடோக் திருமதி கோவுக்கு ஒரு விலைப்புள்ளி எழுதிக் காட்டியது.
கணக்கு சரி. பேச்சுதான்
ஓட்டல் வாசலில் பூங்கொத்தோடு நிற்கிறவன் பேச்சு.
நான் இப்படிப் பேசமாட்டேன் என்றேன்.
அப்படியானால் பழைய செய்திகளைக் காட்டுங்கள் என்றது.

மூன்று வருஷத்தை போனிலிருந்து அள்ளிக் கொட்டினேன்.
காப்பியை ஒரு மிடறு குடிப்பதற்குள்:

"பார்த்துவிட்டேன். ஒரு சந்தேகம்.
உங்களுக்கு இரண்டு குரல்கள் இருக்கின்றன.
வாடிக்கையாளர்களிடம் 'சாரி' நூற்றுப் பதினேழு முறை,
அதில் பாதி, உங்களுக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்கையில்.
பணியாளர்களிடம் ஒருமுறைகூட இல்லை.
சராசரி நான்கு சொற்கள்.
எதை உங்கள் குரலாக வைத்துக்கொள்ளட்டும்?"

குத்தலில்லை. ஸ்குரூ எண்ணுகிறவன் கேட்பதுபோல் கேட்டது.

மேலே தள்ளிப் பார்த்தேன்.
ஏழரைக்கு தெம்பனிஸ், கிரைண்டர் எடு.
ஏன் லேட்.
ப்ரைமர் ரெண்டு டப்பா.
போட்டோ அனுப்பு.
மார்ச் பத்தொன்பது, சூசைராஜ்
கிளினிக்கிலிருந்து கட்டுப் போட்ட கையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான்.
கீழே நான்:
எம்சி எத்தனை நாள்.

நான்குகூட இல்லை. மூன்று.

உனக்கென்ன தெரியும் என்று அதனிடம் அடித்தேன்.
அது சிவப்பு விளக்கில் நிற்கும்போது எழுதியது,
பின்னால் பஸ்காரன் ஹாரன்,
அந்த மாதம் லெவி கட்டக் காசில்லை,
பொங்கோல்காரர் பாக்கி ஒன்பதாயிரம்,
அவரிடமும் சாரி என்றுதான்...
அழித்தேன்.
பிறகு கட்டத்தில் இரண்டு வரி:
பணம் கேட்கையில் மன்னிப்புக் கேட்காதே.
பணியாளர்களுக்கு நீ எழுத வேண்டாம்.

"குறித்துக்கொண்டேன். குரல்?"

பதில் சொல்லவில்லை. மடிக்கணினியை மூடினேன்.
நாளைய வேலையை எப்படியும் அனுப்பியாக வேண்டும்.
சூசைராஜ் பெயரைத் திறந்து
'கை' என்று தொடங்கினேன்,
போன் தானாக 'கையெழுத்து' என்று முடித்துவைத்தது.
மறுபடி தொடங்கினேன், மறுபடி கையெழுத்து.
விட்டுவிட்டேன்.
ஏழரைக்கு தெம்பனிஸ்,
கிரைண்டரை நானே கொண்டுவருகிறேன்.

மணி ஒன்று. உடனே வந்தது: ஓகே பாஸ்.
தங்கும்விடுதியில் இந்நேரம்
இவன் ஏன் தூங்காமல் இருக்கிறான்.