ஆறு பேருக்கு ஒரு கோட்டு

மாதிரி நீதிமன்றத்துக்குக் கறுப்புக் கோட்டு கட்டாயம்
என்று ஒட்டியிருந்தார்கள்.
எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் வாய்த்தது,
மயில்சாமியின் தாய்மாமன்
கல்யாண வரவேற்புக்குத் தைத்தது.
கை மட்டும் எல்லோருக்கும் நீளம்.

முதல் வரிசைக்காரர்கள்
இருமுவதுகூட ஆங்கிலத்தில்தான் என்று
நாங்கள் நம்பிய காலம்.
தாளவாடி மாதேவனுக்கு
எஸ்டாப்பல் என்ற சொல் வாயில் நிற்காது.
திம்பம் மலைப்பாதையில் யானை நின்றால்
வண்டி விளக்கணைத்துக் காத்திருக்குமே,
அப்படி ஒரு பருவம் முழுக்க
அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

ராத்திரி ஷிப்ட் முடித்து
அவினாசியிலிருந்து நேராக வகுப்புக்கு வரும் ஷமீமாவை
வருகைப் பதிவின்போது முழங்கையால் இடிப்பது
என் பொறுப்பு.
"உள்ளேன்" சொல்லிவிட்டு
ஒப்பந்தச் சட்டத்தின் மேல் தலை சாய்ப்பாள்.
கார்பன் தாள் வைத்து அவளுக்கும் எழுதினேன்.
என் பிழைகளும் அவளுக்குப் போயின.
பரீட்சையில் இருவரும்
ஒரே இடத்தில் தவறினோம்.

முதல் வாதம் மயில்சாமிக்கு.
நீதிபதி இருக்கையிலிருந்து கேள்வி வந்ததும்
"இல்லீங், யுவர் லார்ட்ஷிப்புங்" என்றான்.
கூடம் சிரித்தது.
நானும் சிரித்தேன், ஒளிப்பதற்கில்லை.
அவன் கழற்றிக் கொடுத்த கோட்டை மாட்டினேன்.
உள்துணி நனைந்திருந்தது.
இன்னொருவன் பயம்
என் முதுகில் ஒட்டிச் சில்லிட்டது.

ஜோப்பில் விரல் நெருடியது.
மருதமலைப் பஸ் டிக்கெட்டின் பின்புறம்
எறும்பெழுத்தில்:
'ரெண்டாவது ஜட்ஜ் தேதி கேக்கறார்.
தேதியப் பாத்துக்க.
சிரிச்சாங்கன்னா நிறுத்தி, தண்ணி குடி.'

அதற்குப் பிறகு அந்த ஜோப்பு
காலியாக இருந்ததில்லை.
தேன்மிட்டாய், ஊக்கு, யாரோ மறந்த பிரிவு எண்,
ஷமீமாவின் தலைவலித் தைலம்.
கோட்டே அந்த வாசம் அடித்தது.

இறுதிச் சுற்றில் எனக்கு எதிர்த்தரப்பு மாதேவன்.
கோட்டு முதலில் அவனுக்கு.
யானை நகர்ந்துவிட்டது போலிருந்தது,
மூன்று தடவை சொன்னான் அந்தச் சொல்லை,
மூன்றாவது தடவை தேவையே இல்லாமல்.
பிறகு கழற்றி நீட்டினான்.
ஜோப்பில் சீட்டு:
'எஸ்-டாப்-பல். செரியாச் சொன்னனா?'

எதிர்த்தரப்பை
'கற்றறிந்த என் நண்பர்' என்று சொல்லித்தான்
தொடங்க வேண்டும், அது நீதிமன்றச் சடங்கு.
கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு
எழுந்தேன்.
"கற்றறிந்த என் நண்பர்
அந்தச் சொல்லை மிகச் சரியாகச் சொன்னார்.
மிகத் தவறான இடத்தில் சொன்னார்."