பதினாலாவது பாட்டில்

சூழலியல், தொழில்நுட்பம், சமூகம்:
நிதி கொடுத்தவர்கள் கேட்டது இந்த மூன்று சொற்கள்.
எனக்குக் கிடைத்ததோ
ராணிப்பேட்டையில் பூட்டிக் கிடந்த ஒரு தோல் ஷாப்பு,
எத்தனை பினாயில் ஊற்றியும் போகாத வாடை.

வாடையையும் பட்டியலில் சேர்த்தேன்.
காட்சி எண் ஒன்று. பொருள்: காற்று. அளவு: மாறும்.
இரவல் தந்தவர்: யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முப்பத்தொரு வீட்டு போர்த் தண்ணீர்
முப்பத்தொரு கண்ணாடி பாட்டிலில்,
பின்னாலிருந்து வெளிச்சம்.
தேநீரின் எல்லா நிறங்களும் இருந்தன,
தேநீருக்கு இல்லாத ஒரு மஞ்சளும்.
உப்பை ஒலியாக்கும் கருவியை
பெங்களூரிலிருந்து அனகா கொண்டுவந்தாள்.
நல்ல தண்ணீர் கீழ்ஸ்தாயியில் கேட்கும் என்றாள்.
கீழ்ஸ்தாயி நாங்கள் கேட்கவே இல்லை.

பதினாலாவது பாட்டில் காலி.
சாலம்மா வீட்டு போர் காற்றைத்தான் துப்பியது.
காலியாகவே இருக்கட்டும் என்றேன்.
'இன்மையும் ஓர் இருப்பு' என்று
சுவர்க் குறிப்பில் எழுதினேன்.
இரவு இரண்டு மணிக்கு அது அழகாகத்தான் இருந்தது.

திறப்புக்கு முந்தின நாள் சாலம்மா வந்தாள்.
மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.
"இன்மைன்னா இன்னா சார்?"
இல்லாதது, என்றேன்.
"அப்ப இல்லன்னு எய்தேன்."
வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.
"லாரித் தண்ணி கொடம் பத்து ரூபா. அதையும் எய்து.
அது கீதே."

அட்டையைக் கழற்றினேன்.
புதியதில் இரண்டே வரி, அவள் சொன்னவை.
எழுத்துரு மட்டும் என்னுடையது.

விழா மாலை. சென்னையிலிருந்து மூன்று கார்.
விருந்தினருக்கு சீல் வைத்த தண்ணீர் பாட்டில்களை
மேசையில் அடுக்கிய பிறகுதான் பார்த்தேன்,
முப்பத்தொன்றுக்கு நேர் எதிரே
அவையும் வரிசையாக நின்றன.
எண் கொடுக்கவில்லை. எடுக்கவும் இல்லை.
தாகம் எடுத்தபோது நானும் ஒன்றைத் திறந்தேன்.

ஆறு மணிக்கு தேசிங்கு
கையில் ஃப்யூஸ் கட்டையோடு ஓடி வந்தான்.
"ஆத்துல தண்ணி வந்துகினு கீது!"

எந்த ஆற்றில், என்றாள் அனகா.
மூன்று மாதமாக அவளுக்குப் பாலாறு என்றால்
மணல், லாரித் தடம், மூன்று ஸ்டம்பு.

ஷாப்பு ஒரு நிமிடத்தில் காலியானது.
ரிப்பன் வெட்ட வந்தவர் கத்தரியோடு போனார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில்
ராணிப்பேட்டையும் ஆற்காடும் சாய்ந்து நின்றன.
ஸ்கூட்டியை நிறுத்தி ஏறி நின்ற இரண்டு புர்காக்கள்.
மக்கன் பேடா டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர்
வீடியோ காலில் குவைத்துக்கு ஆற்றைக் காட்டினார்:
"தெரியுதா? இப்ப? இப்ப தெரியுதா?"

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.
தண்ணீர் சுத்தமாக இல்லை.
செம்மண் நிறம், ஓரமெல்லாம் நுரை,
ஒற்றைச் செருப்பு, வேரோடு ஒரு சீமைக் கருவேலம்.
"மழை பேஞ்சாதான் கழிவத் தொறந்து வுடுவானுங்க,"
பக்கத்தில் நின்றவர் சொன்னார்.
சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு
ஆற்றைக் கும்பிட்டார்.

அந்த இரண்டையும் ஒரே அட்டையில் எழுத
எனக்கு இன்னும் தெரியவில்லை.

அனகா கம்பியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.
கயிறு பத்தடி குறைந்தது.

எட்டரைக்குத் திரும்பினோம்.
ஆளில்லாத ஷாப்பில்
முப்பது தண்ணீரும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன.
பதினாலாவது இடத்தில்
தூசியில் ஒரு வட்டம்; மேலே அட்டை:
இல்லை.
லாரித் தண்ணீர் குடம் பத்து ரூபாய்.

யாரையும் விசாரிக்கவில்லை.
இரவல் பதிவேட்டைப் பிரித்து எழுதினேன்:
உரியவர் எடுத்துப் போனார்,
ஆறு வந்த அன்று, மூடியில்லாமல்.