நாற்பத்தோராம் நிமிடம்

இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் டேட்டா மலிவு.
கொட்டாஞ்சேனை அறையில்
கம்பஸ் நூலகத்தின் கடவுச்சொல்லோடு காத்திருப்பேன்.
பகலில் திறந்தால்
"மூவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பின்னர் முயலவும்."
யார் அந்த மூவர்?
காலையில் 155இல் என் காலை மிதித்தவர்களாகவும் இருக்கலாம்.

பழைய ஆவணப்படம். துறைமுகம், கிரேன்கள், கறுப்பு வெள்ளை.
மொழி: சிங்களம், ஆங்கிலம் என்கிறது பட்டியல்.
நாற்பத்தோராம் நிமிடம்
குழாயடியில் ஒருத்தி வாளியை நகர்த்திவிட்டு
கமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள்.
கீழே எழுத்து ஓடுகிறது:
வேறு மொழியில் பேசுகிறார்.

வேறு மொழியா?
"படம் புடிச்சது போதும்,
கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, தண்ணி வருது."
அவ்வளவுதான்.
மூன்று தரம் பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்.
நாலாம் தரம்
பக்கத்து அறை யூஜினியை எழுப்பினேன்.
"எங்கட முடுக்குக் குரல்டி" என்றாள் கொட்டாவியோடு.

நிமிடம், நொடி எல்லாம் குறித்து நூலகத்துக்கு எழுதினேன்.
நிலூஷா மிஸ் பதில் போட்டார்:
பட்டியலில் தமிழையும் சேர்த்தாயிற்று, நன்றி.
படத்தின் எழுத்தில் கை வைக்க முடியாது,
அது கம்பனியுடையது.
உரிமமும் முப்பத்தோராம் திகதி நள்ளிரவோடு முடிகிறது,
புதுப்பிக்க இந்த வருடம் காசில்லை.

இன்றைக்கு முப்பத்தொன்று.
முழு விலை டேட்டா, ஆளுக்குப் பாதி போட்டோம்.
பதினொன்று ஐம்பத்துமூன்று.
மூவரில் ஒருவர் எழும்பிப் போயிருக்க வேண்டும்,
கதவு திறந்தது.
நேராக நாற்பத்தோராம் நிமிடத்துக்கு இழுத்தேன்.

தள்ளி நில்லு என்கிறாள்.
யூஜினி
இன்னும் கிட்ட வந்து குனிகிறாள்.