மேகம்

சுகவாழ்வு மையத்துச் சீட்டில்
ஆங்கிலப் பேர்தான் இருந்தது.
ஆலோசகரம்மா குரலை இறக்கித் தமிழில் சொன்னார்:
"மேகநோய்னு சொல்லுவாங்கல்ல, அது."
எங்கள் வெள்ளகோவில் பக்கம்
மேகம் என்பது வேண்டிக்கொள்ளும் பொருள்.
கம்பங்காடு மூன்று வருசம் அண்ணாந்து கிடந்தும்
ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.
எனக்கு வந்திருக்கிறது.

மூன்று செவ்வாய்க்கிழமை,
இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஊசி, அந்தப் பக்கம் ஒன்று.
கம்பெனியில் பல்வலி என்று அரைநாள் பர்மிஷன்.
மூன்றாம் வாரம் சூப்பர்வைசர் கேட்டான்,
"மொத்தம் எத்தன பல்லும்மா உனக்கு?"

"கூட இருந்தவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.
கூட இருந்தவன் நம்பரை மாற்றியிருந்தான்.
அவன் என்னிடம் சொல்லவில்லை.
அவனுக்கே தெரியுமா என்பதும்
எனக்குத் தெரியாது.

நான் செக்கிங் டேபிள்காரி.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
பட்டதும் ஒட்டுவேன் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
துப்பாக்கியில் மருந்தடித்துக்
கறை எடுத்துத் திரும்பிவரும் பீஸை
டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன்.
போயிருந்தால் பாஸ்.
எங்கே இருந்தது என்று
எந்த அட்டைப்பெட்டியிலும் எழுதி அனுப்புவதில்லை.
ரொம்ப நாள் இதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.
ஆனால் நான் என்ன
ரெண்டு டாலர் பனியனா?

ரூமில் ஜெயசுதா சொன்னாள்:
"போன நோவுக்கு எதுக்குடி
பத்திரிகை அடிக்கற?"
நியாயம்தான்.
ஆலோசகரம்மா சொன்னது வேறொன்றும் இருக்கிறது:
"சுத்தமாக் கொணமாயிடுச்சு கண்ணு.
ஆனா ஒரு டெஸ்ட்டு மட்டும்
ஆயுசுக்கும் இருக்குதுன்னே காட்டும்.
பயந்துக்காத.
ரத்தத்துக்கு மறதி இல்ல, அவ்வளவுதான்."
நாளைக்கு மூன்று மாசமாக நிற்கையில்
ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் உரக்கப் படிப்பாள்.
எனக்கு முன்னால்
என் ரத்தம் போய்ப் பேசிவிடும்.

நாட்ராயன் காம்பேக்டிங் மிஷினில் இருக்கிறான்.
ஆவி பறக்க வரும் துணியை
வெறுங்கையால் வாங்கி அடுக்குகிறவன்.
எட்டு மாசமாகப் பேச்சு, டீ, பஸ் ஸ்டாப்.
"தைக்குள்ள முடிச்சுக்கலாமுங்களா?" என்றான்,
என்னமோ துணி டெலிவரி தேதிபோல.
ஞாயிற்றுக்கிழமை சிவன்மலைக்குக் கூட்டிப்போனான்.

உத்தரவுப் பெட்டிக்குள்
இந்தத் தடவை ஒரு படி உப்பு இருந்தது.
யாருடைய கனவிலோ சாமி கேட்டதாம்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஊரே நின்று
உப்பு விலை ஏறுமா, கடல் பொங்குமா என்று
பேசிக்கொண்டிருந்தது.
என் சீட்டை அந்தப் பெட்டியில் வைத்ததுபோல்
ஒரு நிமிசம் கூசியது.
நல்லவேளை, சாமி அதையெல்லாம் கேட்பதில்லை.
நானேதான் சொல்லோணும்.

வண்டி நிறுத்துமிடத்தில் சொன்னேன்.
பேர், வருசம், ஊசி, குணமானது,
ஆயுசுக்கும் காட்டும் டெஸ்ட்,
அவனும் ஒரு தடவை என்னோடு வந்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பது.
முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால்
பலமுறை சொல்லிப் பழகியதில்
ஒரு வார்த்தையும் விடவில்லை.
இடையில் ஒரு குரங்கு வந்து
தேங்காய்மூடியைப் பிடுங்கிப்போனது.
இரண்டு பேரும் துரத்தவில்லை.

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன்.
அவன் கேட்டது
"யாரு?"
நோவைச் சொல்ல வந்தேன்,
ஆளைச் சொல்ல அல்ல.
என் ரத்தத்தில் உனக்குப் பங்கு வரும்,
அதனால் அதன் கணக்கைத் தருகிறேன்.
அந்தப் பேரில் உனக்கு ஒரு பங்கும் இல்லை.
இவ்வளவும் மனசில்தான்.
வாயில் வந்தது
"அது வேண்டாமுங்க."

கீழே காங்கேயம் ரோட்டில்
லாரி ஒன்று கடந்துபோய்ச் சத்தம் அடங்கும்வரை
ஒன்றும் பேசவில்லை.
பிறகு சாவியைப் போட்டான்.
ஏறுவதா, மலைப்படியில் இறங்கி
பஸ் பிடிப்பதா?
செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன்.

அவன் திரும்பிப்
பின்சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.
"சுடுது" என்றான்.
"கொஞ்சம் இரு."