உறவுமுறை: மற்றவை

காலை ஐந்தேமுக்கால்.
தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்துத் தூங்குகின்றன.
மாடியில் நான் திரையை எழுப்புகிறேன்.
சுழல்கிறது, சுழல்கிறது,
பிறகு என்னை யாரென்று கேட்கிறது.

பட்டியலில் நாலாவது எட்டியப்பன், ஐம்பத்து மூன்று.
குடலிறக்கம். காலையில் வந்து மாலையில் போகிறவர்.
எந்தப் பக்கம் என்று திரை மூன்று முறை கேட்கும்,
மூன்று முறையும் நான் கேட்க வேண்டும்.
"பாரம் ஏத்துற தோளுக்கு எதிர்ப்பக்கம்மா."
எந்தத் தோள்?
சட்டையை விலக்கினார்.
வலது தோளில் தோல் செருப்படிபோல் தடித்திருந்தது.
இடது என்று அழுத்தினேன்.

அடுத்த கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம்:
வீட்டுக்கு அழைத்துப் போகிறவர் யார்?
அது நிரம்பாமல் மயக்க மருந்துப் பக்கம் திறக்காது.
பெஞ்சிலிருந்து தஸ்தகீர் எழுந்து வந்தார்,
கையில் ரப்பர் பேண்டு போட்ட பட்டன் போன்.
உறவு?
"எதிர்க்கைம்மா."
புரியவில்லை.
"பார்சல் ஷெட்டுல பெரிய பொட்டி வந்தா
அந்தாண்ட அவன், இந்தாண்ட நான்.
பத்தொம்பது வருசமா."

அம்மா, அப்பா, மனைவி, மகன், மகள்...
பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
அடியில் கிடந்தது: மற்றவை.
அழுத்தக் கூச்சமாக இருந்தது. அழுத்தினேன்.

வராந்தா டிவியில் நாலாம் எண்
மஞ்சளாகி, நீலமாகி, அங்கேயே நின்றது.
"நீலம்னா இன்னாமா?"
உள்ளே இருக்கிறார்.
"ரொம்ப நேரமா நீலமாவே கீறான்."
பச்சையானதும் டீ வாங்கப் போனார்,
எனக்கும் ஒன்று.

நாலரைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை.
படியில் இறக்கிக்கொண்டு போனார்,
பழகிய பக்கத்தில் நின்று,
"மெதுவா, மெதுவா, விடு" என்று.

மறுநாள் எங்கள் பதிவுக்குரல் அவர் போனுக்குப் போனது:
வலி எவ்வளவு? பூஜ்யம் முதல் ஒன்பது வரை அழுத்தவும்.
எட்டு.
திரை சிவந்தது. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.
"அவன் கஞ்சி குட்ச்சிட்டு தூங்கினு கீறான்மா."
அப்போ எட்டு?
"வலி எவ்ளோன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு.
என்னியத்தான் கேக்குதுன்னு நென்ச்சேன்.
காலைலேர்ந்து ஒத்த ஆளா தூக்கினு கீறேன்."

சாயங்காலம் எட்டியப்பனையே பேசவைத்தார். இரண்டு.
எட்டை அழித்தால் காரணம் கேட்கிறது திரை.
தட்டச்சுப் பிழை. தவறான நோயாளி. மற்றவை.
மற்றவை என்றால் விவரம் எழுது என்றது,
நாற்பது எழுத்துக்குள்.
எதிர்க்கை என்று அடித்தேன்.
அப்படியொரு சொல் இல்லையென்று
அடியில் சிவப்பாய் ஒரு கோடு போட்டது.
இருக்கட்டும் என்று சேமித்தேன்.