ஒற்றைப்படை

உசிலம்பட்டி, பேரையூர் ரோட்டு மண்டபம்.
காதுகுத்து மொய். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று, ஆயிரத்தியொன்று,
எல்லாம் ஒன்றில் முடிகிற தொகை.
ரெண்டு பேரைச் சேர்த்தால்
ரெண்டு ஒன்றும் ஜோடி போட்டுக்கொள்ளும்.
நூற்றாறு ஜோடி. தனியாய் நிற்க ஆளில்லை.
ஆகவே மொத்தம் இரட்டைப்படை.
நோட்டைக் கூட்டாமலே சொல்லலாம் இதை.

சருவத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள்.
எண்பத்தேழாயிரத்து நானூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினார்கள்.
அதே பதினொன்று.

"எவனோ ஏமாத்திட்டான்யா"
தாய்மாமன் விருமாண்டி ஜமுக்காளத்தை உதறினார்,
தட்டைத் தூக்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.
ஒருத்தராவது குறைத்திருக்கிறார்,
அதுவரைக்கும் கணக்கு சொல்லும்.
யாரென்று அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.
ஒன்பதாம் பக்கம், கருமாத்தூர் மாயக்காள்.
நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு
முந்தி முடிச்சை அவிழ்த்தாள், முடிந்தாள்,
திரும்பவும் அவிழ்த்தாள்.
பின்னால் வரிசை நெருக்கியது.
"நீ போத்தா, எழுதிக்கிறேன்."
அந்த ஒன்று என் கையெழுத்து.

டீக்காசில் ஒரு நாணயத்தை
மேசைக் காலடியில் நழுவவிட்டு
"இந்தா கிடக்கு" என்றேன்.
பன்னிரண்டு.
மாமன் பந்திக்குப் போய்விட்டார்.

நிறுவப்பட்டது என்று
அடியில் கோடிழுக்கக் கை வரவில்லை.
மொய் சமன்பாடு, அந்தப் பக்கமும் நிரம்பணும்.
மாயக்காள் வீட்டு விசேஷத்துக்கு
நூற்றியொன்றுக்குக் குறையாமல் இவர்கள் செய்வார்கள்.
அவளுக்கு ஒன்று கூடும்.
என் ஒன்று
எந்த நோட்டிலும் இல்லை.